ஆயா சொல்லாத இடத்தை நாவலில் நிரப்பலாமா? பர்மா நடைப்பயணக் கதை குறித்து யோசனை வேண்டும்

வியாசர்பாடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக எழுதிய என் முதல் நாவல் அச்சுக்குப் போக வேண்டிய நேரத்தில் மேசையிலேயே கிடக்கிறது. இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை. வடசென்னைக்காரர்கள் பலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

கதை என் ஆயாவுடையது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் அண்ணாந்து நின்ற கூட்டத்தின் மீதே குண்டு விழுந்தது. அடுத்த சில வாரங்களில் ஆயாவின் குடும்பம் புறப்பட்டுவிட்டது. ரயிலில் பிரோம், அங்கிருந்து ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைகளை நடந்தே தாண்டித் தாங்குப், பிறகு படகில் அக்யாப், சிட்டகாங். அந்த ஆண்டு பல வழிகளிலும் இந்தியா வந்து சேர்ந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது. போர் முடிந்ததும் குடும்பம் மறுபடி ரங்கூனுக்கே போனது. 1964-இல் பர்மாவின் நெ வின் ராணுவ அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது மீண்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். அன்று முதல் வியாசர்பாடிதான்.

மலையில் ஒரு மூங்கில் குழாய் அளவு தண்ணீருக்கு ஆயாவின் அம்மா தன் காதுத் தோடுகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாராம். மீதி ஒற்றைத் தோட்டை இருபத்திரண்டு ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்து, 1964-இல் ரங்கூன் சுங்கத்தில் பறிகொடுத்தார். இதை ஆயா நூறு முறை சொல்லியிருக்கிறார். ஒரு சொல் மாறாது.

சொல்லாதது ஒன்று உண்டு. அவருக்கு ஆறு வயதில் ஒரு தம்பி. மலையில் இரண்டாம் இரவு வரை தம்பி கதையில் இருப்பான். அதன் பிறகு ஆயா "அப்புறம் படகு" என்பார். படகில் தம்பி இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அந்த இரண்டு சொற்கள்தான்.

நாவலில் அந்த இடத்தை நான் நிரப்பினேன். தம்பி காலராவில், அக்காவின் மடியில் இறக்கிறான். பதினான்கு பக்கம். நான் எழுதியதிலேயே சிறந்த பக்கங்கள் அவைதான் என்று படித்தவர்கள் சொன்னார்கள். பதிப்பாளருக்கும் அதுதான் மிகவும் பிடித்தது. அந்தப் பகுதியைத்தான் விளம்பரத்துக்கு எடுக்க வேண்டும், அட்டையில் "உண்மைக் கதை" என்று போட வேண்டும், ஆயாவின் படம் பின்னட்டையில் வர வேண்டும், தம்பியைப் பற்றி அவர் பேசுவது போல இரண்டு நிமிடக் காணொளி வேண்டும் என்கிறார்.

அனுமதி கேட்கலாம் என்று அந்தப் பகுதியை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். பிறகு "அவன் செத்துப்போனான் என்று உனக்கு யார் சொன்னது?" என்றார். அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அந்தத் தம்பிக்குத் திதி கொடுத்ததே இல்லை.

என்ன செய்வது? அந்தப் பக்கங்களை எடுத்துவிடுவதா? "உண்மைக் கதை" என்று போடாமல் ஒரு முதல் நாவலை எப்படி ஆட்களிடம் கொண்டு சேர்ப்பது?

ராயபுரம் கல்மண்டபத்தான் எழுதியது:

அம்மா, துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் அப்பாவும் அங்கேதான் மூட்டை தூக்கினார். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பாட்டி, "எம்டன்காரன் வந்து குண்டு போட்டபோது ஊரே காலியாகிவிட்டது, சிங்கத்தையெல்லாம் சுட்டுவிட்டார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்வார். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தது 1914 செப்டம்பர் 22 இரவு. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. குண்டு விழுந்ததற்கான கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் இருக்கிறது. சிங்கத்தையும் புலியையும் சுட்டது 1942-இல். அந்த ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்ட உடனே, அவசியமில்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. கூண்டு உடைந்து மிருகங்கள் ஊருக்குள் வந்துவிடுமோ என்று பயந்து, மூர் மார்க்கெட் பின்புறம் இருந்த மிருகக்காட்சிசாலையில் சுட்டுத் தள்ளினார்கள். அந்த ஆண்டு சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. ஜப்பான் விமானம் ஒன்று துறைமுகப் பக்கம் வந்து குண்டு போட்டது 1943 அக்டோபரில், ஊரெல்லாம் திரும்பி வந்த பிறகு.

இந்த மூன்றும் பாட்டிக்கு ஒரே இரவு. பொய் சொல்கிறார் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. பயந்த மனது அப்படித்தான் அடுக்கி வைக்கும் போலிருக்கிறது. உங்கள் கதையில் ஒரு கிழவி பேசினால் குழப்பிப் பேசட்டும், அதைத் திருத்தாதீர்கள். கதை சொல்லும் நீங்கள் மட்டும் ஒரு தேதியைக்கூடத் தவறவிடாதீர்கள். அங்கே ஒரு பிழை வந்தால், எங்களைப் போன்றவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடுவோம்.

உங்கள் ஆயா குழப்பவில்லை. ஓர் இடத்தில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

புத்தகக் கடை வாசல் எழுதியது:

நான் பதினைந்து ஆண்டுகளாகப் புத்தகம் விற்கிறவன். இங்கே எல்லோரும் மனசாட்சியைப் பேசும்போது ஒருவராவது கணக்கைப் பேச வேண்டும்.

முதல் நாவல் 300 பிரதி அச்சிடுவார்கள். விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடைக்கழிவாகப் போய்விடும். சனவரிப் புத்தகக் காட்சியில் நந்தனத்துக்கு வரும் வாசகர், பெயர் தெரியாத ஆசிரியரின் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பின்னட்டையைப் பார்ப்பது சில நொடிகள். "உண்மைக் கதை" என்ற இரண்டு சொற்கள் அந்தக் கையை நிறுத்தும். என் கண்ணால் தினமும் பார்ப்பது இது. உங்கள் ஆயா நடந்தது உண்மை. பர்மா உண்மை, காலரா உண்மை, வழியில் குழந்தைகள் இறந்ததும் உண்மை. ஒரு காட்சியைக் கற்பனை செய்ததால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடாது. யாரும் படிக்காமல் கட்டுக்கட்டாக வீட்டில் அடுக்கி வைத்தால், அந்த நடைப்பயணத்துக்கு அதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

மெய்ப்பு மேசை எழுதியது:

மேலே எழுதிய நண்பரை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தங்கசாலைப் பக்கத்து அச்சகங்களுக்கு இருபது ஆண்டுகளாக மெய்ப்பு பார்க்கிறேன். போர்க்காலக் கதைகள் நிறையக் கையில் வந்திருக்கின்றன. "உண்மைக் கதை" என்று அட்டையில் போட்ட அன்றே வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறோம். அவர் அழும்போது நடந்ததற்காக அழுகிறார். பிறகு அது ஆசிரியரின் கற்பனை என்று தெரிந்தால், அந்த ஒரு காட்சியோடு நிற்காது. தோட்டையும் நம்ப மாட்டார், தாங்குப் மலையையும் நம்ப மாட்டார். போரைப் பற்றிச் சாட்சி சொல்ல வரும் அடுத்த ஆளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். அட்டையில் "நாவல்" என்று போடுங்கள். உள்ளே முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள்: எந்தப் பாதை, எந்த ஆண்டு, எது குடும்பத்தில் சொல்லக் கேட்டது, எது உங்கள் கற்பனை. "உண்மைச் சம்பவங்களைத் தழுவியது" என்ற வழவழப்பான தொடர் வேண்டாம். எதைத் தழுவியது, எந்த அளவு தழுவியது என்று யாரும் கேட்க முடியாதபடி அது தப்பித்துவிடும்.

கைப்பிரதி பற்றியும் ஒன்று. காலரா என்றதும் மடியில் மரணம் என்று எழுதத் தோன்றும். இதே காட்சியை வேறு பெயர்களில் நான்கு கைப்பிரதிகளில் திருத்தியிருக்கிறேன். ஒரு தோட்டுக்கு ஒரு குழாய் தண்ணீர் என்பதை ஒருவரும் எழுதிப் பார்த்ததில்லை.

திருவொற்றியூர் பேரன் எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கதை மலாயா. தாத்தாவும் அவருடைய அண்ணனும் பேராக்கில் பால்மரத் தோட்டத்தில் இருந்தார்கள். ஜப்பான் காலத்தில் மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லித் தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள். அண்ணன் போனார். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில்பாதை போடச் சரக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்த 415 கிலோமீட்டர் ரயில்பாதை அது. தாத்தா தோட்டத்திலேயே மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார். அவர் கொண்டுவந்த வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒன்று எங்கள் இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. பத்து டாலர். 1945-க்குப் பிறகு அதற்கு ஒரு படி அரிசிகூடக் கிடைக்கவில்லை என்பார்.

அண்ணன் திரும்பவில்லை. தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. அந்தப் பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. அண்ணன் எந்த முகாமில் விழுந்தார் என்று காட்ட ஒரு காகிதம் எங்களிடம் இல்லை.

ஆவணம் இல்லாத சனங்களுக்குக் கற்பனையையும் மறுத்துவிட்டால் அவர்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? வெள்ளைக்காரச் சிப்பாயைப் பற்றி எழுதுகிறவருக்கு நாட்குறிப்பு இருக்கிறது, கடிதம் இருக்கிறது, படைப் பதிவேடு இருக்கிறது. நமக்கு ஒரு பாட்டியின் வாய்ச்சொல் மட்டும். அதனால் எழுதுங்கள் அக்கா. அந்தப் பக்கங்களைக் கிழிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பத்து ஆண்டு காத்திருந்தார்கள். பிறகு தாத்தாவே ஆடி அமாவாசையன்று கடலில் இறங்கி அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். இறந்த நாள் தெரியாததால் அவராக ஒரு நாளை வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அவரால் அண்ணனைப் பற்றிப் பேசவே முடிந்தது என்று அப்பா சொல்வார்.

வியாசர்பாடி வாசகி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் தாத்தா தானே ஒரு நாளை வைத்துக்கொண்டார். எங்கள் ஆயா வைக்கவில்லை. அவருக்காக நான் 1942 பிப்ரவரியில் ஒரு நாளை வைத்துவிட்டேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று சொல்கிறேன், இதை நாவலில் எழுதவில்லை. சின்ன வயதில் ஆயாவோடு எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் கடைக்குப் போவோம். அவர் கையைப் பிடிக்க மாட்டார். எங்களை முன்னால் விட்டுவிட்டு, முதுகில் இரண்டு விரலை வைத்துக்கொண்டே பின்னால் வருவார். நான் வேடிக்கை பார்த்துப் பின்தங்கினால் அவரும் நின்றுவிடுவார். "பிள்ளையை ஒருநாளும் பின்னால் வரவிடாதே" என்று என் அம்மாவிடம் சண்டை பிடிப்பார். லாரி பயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். இந்த இரண்டு வாரத்தில்தான் அந்த இரண்டு விரல்கள் எதற்கென்று யோசிக்கிறேன்.

நூலகத் திண்ணை எழுதியது:

சகோதரி, நீங்கள் இப்போது எழுதிய இந்தப் பத்தியை நாவலில் சேர்த்துவிடுங்கள். பதினான்கு பக்கமும் செய்யாத வேலையை அது செய்கிறது.

நான் வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எழுதுவது பற்றி ஒரு யோசனை. தம்பி இறந்ததை எழுத உங்களுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அதே அளவு உரிமை அவன் பிழைத்தான் என்று எழுதவும் உண்டு. அந்தப் பாதையில் குடும்பங்கள் சிதறின. கூட்டத்தில் தனித்துப்போன பிள்ளைகளை வேறு குடும்பங்கள் சேர்த்துக்கொண்டன. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. காட்சியை அக்காவின் கண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். வழியில் போகும் முன்பின் தெரியாத ஒரு பெண் பார்க்கட்டும்: ஒரு பையன் தனியாக நடக்கிறான், யாரோ சிலரோடு சேர்ந்து போகிறான், மலை வளைவில் மறைகிறான். அந்தப் பெண்ணுக்கு அதற்கு மேல் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. வாசகர் அந்த வளைவில் நிற்கட்டும்.

ஆதாரம் தேட எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனீர்களா? கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். 1942 சனவரி முதல் சூன் வரை பொறுமையாகப் புரட்டினால், அன்றைய விலைவாசி, விளம்பரம், அகதி முகாமுக்குத் துணி கேட்டு வந்த வேண்டுகோள் என்று, எந்த வரலாற்று நூலிலும் இல்லாத சில்லறைச் செய்திகள் கிடைக்கும். நாவலுக்குச் சோறு போடுவது அதுதான். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கன்னிமாராவுக்குப் போக வேண்டும், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி. பதிப்பாளர் அனுப்பினாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து உங்கள் ஆயாவைத் தேடி ஒரு ஆள் வரும்.

விற்பனை பற்றியும் சொல்கிறேன். நந்தனத்துக்கு முன்னால் உங்கள் தெருவுக்குப் போங்கள். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் வியாசர்பாடியில் எத்தனை இருக்கின்றன! கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரிலும், இரண்டாம் கடற்கரைச் சாலையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் போடும் வண்டிகளிலும் நிற்பவர்களில் பலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் நூலகத்தில் ஞாயிறு மாலை பத்துப் பக்கம் வாசியுங்கள். கேட்டு முடித்ததும் அவர்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்தக் காணொளியை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். எண்பது ஆண்டாகத் திறக்காத வாயைக் கேமராவுக்கு முன்னால் திறக்கச் சொல்வது பாவம்.

எண்ணூர் கழிமுகம் எழுதியது:

பதிப்பாளர் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி நான் எழுதிய நாவலுக்கு ஒரு பதிப்பகம் என்னிடமே பணம் வாங்கியது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனித் தொகை கேட்டார்கள், கொடுத்தேன். நம் நாட்டில் அந்த எண் இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது. விளம்பரம் என்று அவர்கள் செய்தது ஒரே ஒரு காரியம்தான். முகாமில் இருக்கும் அந்தப் பெண்மணியின் படத்தை, முகம் தெரியும்படி, என்னைக் கேட்காமல் முகநூலில் போட்டார்கள். அவர் என்னோடு பேசி மூன்று ஆண்டு ஆகிறது. புத்தகம் 90 பிரதி விற்றது.

ஒப்பந்தத்தில் படம், காணொளி, விளம்பர வாசகம் மூன்றுக்கும் உங்கள் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

புத்தகக் கடை வாசல் எழுதியது:

எண்ணூர் நண்பரின் பதிவைப் படித்தேன். நான் சொன்னதில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன்: படமும் காணொளியும் வேண்டாம். "உண்மைக் கதை" விற்கும் என்பதை மட்டும் இன்னும் சொல்வேன், ஏனென்றால் அது விற்கிறது. ஆனால் ஒரு தோட்டுக்கு ஒரு குழாய் தண்ணீர் என்பதும் விற்கும். பின்னட்டையில் அதை மூன்று வரியில் போடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். என் கடைக்கு 25 பிரதி அனுப்புங்கள். முன்பணம் தருகிறேன்.

வியாசர்பாடி வாசகி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

பதிப்பாளரோடு பேசினேன். அட்டையில் "நாவல்" என்றுதான் வருகிறது. ஆயாவின் படம் கிடையாது, காணொளி கிடையாது. ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்த்தார்கள். சேர்க்கச் சொன்னதும் குரல் கொஞ்சம் மாறியது, ஆனாலும் சேர்த்தார்கள். அட்டைக்கு ஒற்றைத் தோடு ஒன்றை வரையச் சொல்லியிருக்கிறேன். ஆயா மணிக்கட்டில் விரலால் வரைந்து காட்டினார்: ஏழு கல், நடுவில் சிவப்பு. மெய்ப்பு மேசை ஐயா சொன்ன நான்கு வரி ஆறு வரியாகிவிட்டது.

பதினான்கு பக்கத்தை எடுத்துவிட்டேன். திருவொற்றியூர் தம்பி, உங்கள் பேச்சைத் தட்டியதாக நினைக்காதீர்கள். கற்பனையை விடவில்லை, மரணத்தைத்தான் விட்டேன். நூலகத் திண்ணை அக்கா சொன்ன மூன்றாவது வழியில் புதிதாக ஐந்து பக்கம் எழுதினேன். இரண்டு கைக்குழந்தைகளோடு நடக்கும் ஒரு தெலுங்குப் பெண் பார்க்கிறாள். ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக்காரர்கள் நிறைய வேலை பார்த்தார்கள் என்பதால் அப்படி வைத்தேன். பையன் பின்தங்கி நிற்கிறான். அவள் அவனைத் தன் முன்னால் விட்டு, முதுகில் இரண்டு விரலை வைத்து நடத்திக்கொண்டு போகிறாள்.

நேற்று மதியம் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறையும் கடைசி வரை கேட்டார். முடித்ததும் நான் எதுவும் கேட்கவில்லை. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அந்தப் பெண் பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தாளா?" என்றார்.

நான் எழுதவில்லை. தோன்றவே இல்லை. கொடுத்தாள் ஆயா என்றேன். "என்ன கொடுத்தாள்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன்.

திங்கட்கிழமை பக்கங்கள் அச்சகம் போகின்றன. அதற்குள் அந்த வரியை எழுதியாக வேண்டும். கையில் ஒன்றும் இல்லாமல் எட்டு பத்து நாளாக நடக்கிற ஒரு பெண்ணின் மூட்டையில், அந்தக் காலத்தில், அடுப்பு மூட்டாமல் தின்னக்கூடியதாக என்ன இருந்திருக்கும்? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்வீர்களா?

ராயபுரம் கல்மண்டபத்தான் எழுதியது:

வறுத்த அரிசி, அம்மா. 1942-இல் ஊரைக் காலி செய்தபோது எங்கள் பாட்டியும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனார். வாயில் போட்டு ஊற வைத்துக்கொண்டே நடக்கலாம், நேரமாகும், பசி அடங்கும். துணியின் ஓரத்தில் வெல்லம் ஒட்டியிருந்தால் அந்தத் துண்டைப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பாள்.